மோட்டார் ஓடுவதற்கு ஒரு கணக்கு, கிளம்புவதற்கு இன்னொரு கணக்கு

வங்கக்கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்தாலே ஜெனரேட்டர் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். அப்புறம் எனக்கு போன் வர ஆரம்பிக்கும். "புது மெஷின் சார். லைட் எரியுது, ஃபேன் ஓடுது, தண்ணி மோட்டார் மட்டும் எடுக்க மாட்டேங்குது."

போன வாரம் பார்த்த வீட்டிலும் அதேதான். 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் (கேவிஏ என்பது ஜெனரேட்டரின் சக்தி அளவு). சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் 1 எச்.பி. மோனோபிளாக் மோட்டார், அதாவது மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருப்பது. சுவிட்சைப் போட்டதும் இன்ஜின் திணறியது. மீட்டரில் 230 வோல்ட் சட்டென்று 140-க்கு இறங்கியது. மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே நின்றது. மோட்டார் காயிலின் வார்னிஷ் கருகும் வாடை வந்ததும் நிறுத்தச் சொன்னேன். இதே குறைந்த வோல்டேஜில் மாட்டி, அந்த வீட்டு ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் முந்தின நாளே போயிருந்தது.

"1 எச்.பி. 746 வாட்தானே சார், 2,000 வாட் பத்தாதா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான்.

746 வாட் என்பது மோட்டாரின் ஷாஃப்ட்டில் நமக்குக் கிடைக்கும் வேலை. அது இழுக்கும் கரண்ட்டின் அளவு அல்ல. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் ஒரு பங்கு சூடாகவே வீணாகிவிடும். அதனால் 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 1,100 முதல் 1,200 வாட் வரை இழுக்கும். சரி, அதுகூட 2,000-க்குள் அடங்குகிறதே என்பீர்கள். அது ஓடும்போது மட்டும். நின்றுபோன காரைத் தள்ளியவர்களுக்குத் தெரியும், முதல் அடிதான் பாடு. ஓடும்போது 6 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், கிளம்பும் அந்த ஒரு நொடியில் 25 முதல் 35 ஆம்பியர் வரை கேட்கும். 2 கேவிஏ ஜெனரேட்டர் தொடர்ந்து கொடுக்கக்கூடியதோ 9 ஆம்பியருக்கும் குறைவு. ஒரு நொடிக்குக் கொஞ்சம் கூடத் தாங்கும், இவ்வளவு தாங்காது. வீட்டு லைனில் இது தெரியாது, அங்கே பின்னால் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. ஜெனரேட்டரில் அந்தத் தெம்பு கிடையாது.

அதனால் 1 எச்.பி. மோனோபிளாக்குக்கு 3 கேவிஏவுக்குக் குறையாமல் பாருங்கள். அதே 1 எச்.பி. போர்வெல் சப்மெர்சிபிளுக்கு (தண்ணிக்குள்ளேயே இறக்கும் மோட்டார்) 4 முதல் 5 கேவிஏ. ஃப்ரிட்ஜ் ஓடும்போது 150 வாட்தான், கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு. பழைய மாடல் ஒன்றரை டன் ஏசியும் இப்படித்தான். இன்வெர்ட்டர் ஏசி மெதுவாகக் கிளம்புவதால் தொல்லை குறைவு. அயர்ன் பாக்ஸ், கெய்சர், இண்டக்ஷன் அடுப்புக்குக் கிளம்பும் கணக்கு இல்லை. ஆனால் கெய்சர், இண்டக்ஷன் ஒவ்வொன்றும் 2,000 வாட். கரண்ட் இல்லாத நாளில் அவற்றை மறந்துவிடுங்கள்.

கணக்கு எளிது. ஒரே நேரத்தில் ஓடப்போகிற எல்லாவற்றின் வாட்டையும் கூட்டுங்கள். அவற்றில் பெரிய மோட்டார் எதுவோ, அது கிளம்பக் கேட்கும் கூடுதலை மட்டும் அதோடு சேருங்கள். ஓட்டும்போது அந்தப் பெரியதை முதலில் போட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள். மெஷினின் நேம் பிளேட்டில் 'மேக்ஸ்' என்று கொட்டை எழுத்தில் இருப்பது சில நிமிடத்துக்கான அளவு. 'ரேட்டட்' என்பதுதான் உங்களுக்கு. டீசல் செட்டில் பெரும்பாலும் 5 கேவிஏ என்றால் 4,000 வாட்தான்.

அதற்காகத் தேவைக்கு மேல் இரண்டு மூன்று மடங்கு வாங்கிவிடாதீர்கள். லோடு இல்லாமலே ஓடும் டீசல் இன்ஜினில் டீசல் சரியாக எரியாமல் கரி பிடிக்கும். சர்வீஸுக்கு வரும் பாதி புகைச்சல் கேஸ் இதுதான்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மழை பெய்கிறதே என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஜன்னல் ஓரமாகவோ வைக்காதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரைச் சுவர் சாக்கெட்டில் செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அது மீட்டர் வழியாகத் தெரு லைனுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிப் புயலில் கம்பம் ஏறியிருப்பவர் தொட்டால் அவ்வளவுதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (வீட்டைத் தெரு லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றோடு மட்டும் சேர்ப்பது) போட்ட பிறகே மெஷினை இணையுங்கள்.