புறக்கணிப்பா, பேணாமையா?

சிறுவர் இல்லப் பணியாளர்களுக்காகக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்த ஒரு பயிற்சியில், பிள்ளையைக் கவனியாது விடுவதைக் குறிக்கத் திரையில் தோன்றிய ‘பெங்காபாயான்’ (ஆங்கிலத்தில் ‘நெக்லெக்ட்’) என்ற மலாய்ச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் சற்றும் தயங்காமல் ‘புறக்கணிப்பு’ என்றார். கையேடுகளிலும் செய்திகளிலும் கண்டு பொறுத்துக்கொண்ட சொல்தான், அன்று பொறுக்கவில்லை. என் அருகில் அமர்ந்திருந்தவர் ஓர் இல்லத்தில் நெடுங்காலமாகச் சமைத்துவரும் அம்மையார். “ஏன் தம்பி, நன்கொடை குடுக்கிறவங்க நம்ம இல்லத்துக்கு வராம ஒதுக்குறதையா சொல்றாங்க?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பிழை அவருடையதன்று.

புறம், கணி என்னும் இரண்டும் சேர்ந்து பிறந்தது புறக்கணி. ஒன்றைப் பொருட்டாக எண்ணாமல் புறத்தே ஒதுக்குவது அதன் பொருள். தேர்தலைப் புறக்கணிக்கிறோம், கூட்டத்தைப் புறக்கணிக்கிறோம், கல்யாண வீட்டில் மதிக்காத உறவினரைப் புறக்கணிக்கிறோம். மூன்றிலும் தெரிந்தே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒருவர் இருக்கிறார். ‘பெங்காபாயா’னின் வேரான மலாய் ‘அபாய்’ பொருட்படுத்தாமை, கவனியாமை இரண்டையும் தழுவும். ஆங்கில ‘நெக்லெக்ட்’டின் லத்தீன் வேரோ எடுக்காமல் விடுதலைக் குறிப்பது. மொழிபெயர்த்தவர்கள் முதலில் கைக்கு அகப்பட்ட பொருளை எடுத்துக்கொண்டார்கள்.

சட்டம் சொல்வது வேறு. நம் மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 31ஆம் பிரிவு, பிள்ளையைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர், வசதியிருந்தும் போதிய உணவு, உடை, மருத்துவம், பல் மருத்துவம், உறைவிடம், கவனிப்பு ஆகியவற்றைத் தராவிட்டால் அதையே ‘நெக்லெக்ட்’ என்று கொள்கிறது. பல் மருத்துவம் வரை எண்ணிச் சொன்ன சட்டத்தில் ஒதுக்குதல் என்ற பேச்சே இல்லை. செய்யவேண்டியதைச் செய்யாமைதான் குற்றம்.

ஒரு பையனை எண்ணிப் பாருங்கள். எல்லாரோடும் ஒரே பாயில் அமர்ந்துதான் உண்கிறான்; ஆனால் ஒரு பக்கமாகவே மெல்லுகிறான், இட்லியைக்கூட ரசத்தில் ஊறவைத்துத்தான் விழுங்குகிறான். வேன் ஓட்ட ஆளில்லை, அடுத்த வாரம் கிளினிக்குக்குப் போகலாம் என்று சொல்லிச் சொல்லி மூன்று வாரம் ஓடிவிட்டது. அவனை யாரும் புறக்கணிக்கவில்லை; பெயர் சொல்லிக் கொஞ்சுகிறார்கள், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறார்கள். இல்லப் பொறுப்பாளரைக் கேட்டால், “நாங்கள் எந்தப் பிள்ளையையும் புறக்கணிப்பதில்லை, எல்லாரும் எங்கள் பிள்ளைகளே” என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வார். அவர் பொய் சொல்லவுமில்லை. அவர் தப்பிச் செல்லும் வாசலை இந்த மொழிபெயர்ப்பே திறந்து வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் 20 ஆண்டு வரை சிறையும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு, கேட்பவருக்குப் பிடிபடாத பெயரை வைப்பது எவ்வகையில் சரி?

இதற்கு நம்மிடம் உள்ள சொல் பேணாமை. புதிதாக ஆக்கியதன்று. “நாணாமை நாடாமை நாரின்மை யாதொன்றும் பேணாமை பேதை தொழில்” என்னும் 833ஆம் குறளில், காக்க வேண்டியதைக் காவாதிருத்தல் என்ற பொருளிலேயே நிற்கிறது. இது இலக்கியச் சொல், மக்களுக்கு விளங்காது என்று ஒரு நண்பர் வாதிட்டார். உடல்நலம் பேணுக என்று கிளினிக் சுவரில் எழுதினால் விளங்குமாம், அதன் எதிர்மறை மட்டும் விளங்காதாம்! பராமரிப்பின்மை என்பாரும் உண்டு. பொருள் பழுதில்லை, வாய்தான் வலிக்கிறது. அலட்சியம் என்பது மனப்போக்கின் பெயர். முப்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆளாக அல்லாடும் பராமரிப்பாளரிடம் அலட்சியம் துளியும் இல்லாமல் இருக்கலாம். பேணாமை அங்கே இருக்கத்தான் செய்யும்.

மொழிபெயர்ப்போர்மீது எனக்குள்ள மனத்தாங்கல் இந்த ஒரு சொல்லோடு நிற்பதில்லை. பண்டங்களைத் தவறாகக் கையாள்வதற்குரிய ‘துஷ்பிரயோக’த்தைப் பிள்ளைமேல் ஏற்றியவர்களும் இவர்களே. தாயோ தந்தையோ உயிரோடிருக்கும் பிள்ளைகள் வாழும் இடத்தையும் ‘அனாதை இல்லம்’ என்றே எழுதுகிறார்கள். அந்தப் பயிற்சிக் கையேட்டிலோ, கைவிடுவதைக் குறிக்கும் ஆங்கில ‘அபண்டன்’ என்பதற்கும் புறக்கணிப்பு என்றே போட்டிருந்தது. அதே 31ஆம் பிரிவு நான்கு செயல்களைத் தனித்தனியே சொல்லும்போது, தமிழில் இரண்டு ஒன்றாகிப் போயின. துன்புறுத்தல், பேணாமை, கைவிடல், இடருக்கு உட்படுத்தல் என்று எழுதினால் நான்கும் நான்காகவே நிற்கும்.

தேநீர் இடைவேளையில் அந்த அம்மையாரிடம் பேணாமை என்றேன். “பல்லு வலிக்குதுன்னு அழுற பிள்ளைய அடுத்த வாரம் பாக்கலாம்னு படுக்கச் சொல்றதும் அதுல சேருமா?” என்று உடனே கேட்டார். சேரும் என்றேன். பிள்ளை பேணாமையால் ஊறுபட்டதாக நம்பத் தகுந்த காரணமிருந்தால், பராமரிப்பாளர் உடனே சமூகநல அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 29ஆம் பிரிவு சொல்வதையும் சேர்த்துச் சொன்னேன். கையிலிருந்த தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்டார்.