பத்து ஃபெனிக்குக்குக் கடல் கடந்த கடிதம்

1905ஆம் ஆண்டு. ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த தென்மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நமீபியாவில், விண்ட்ஹூக் தபால் நிலையத்தின் தராசில் 100 கிராம் எடையுள்ள இரண்டு கடித உறைகளை வைப்பதாகக் கொள்வோம். பெர்லினுக்குச் செல்லும் உறைக்கு 20 ஃபெனிக் தபால்தலை போதும் (ஃபெனிக் ஜெர்மானியச் சில்லறைக் காசு, நூறு சேர்ந்தால் ஒரு மார்க்). பாரிசுக்குச் செல்லும் உறைக்கு 140 ஃபெனிக், அதாவது 1 மார்க் 40 ஃபெனிக் ஒட்ட வேண்டும். இரண்டும் ஒரே கப்பலில் ஐரோப்பாவுக்குப் போகக்கூடியவை. ஆனாலும் கட்டணம் ஏழு மடங்கு.

காரணம் எடைப்படிகளில் இருக்கிறது. 1874இல் பெர்ன் நகரில் உருவான அஞ்சல் ஒன்றியம்தான் பிறகு உலக அஞ்சல் ஒன்றியம் ஆனது. ஜெர்மனியின் அஞ்சல் துறைத் தலைவர் ஹைன்ரிக் ஃபொன் ஸ்டெஃபான் அதற்காக அயராது உழைத்தவர். உறுப்பு நாட்டுக் கடிதத்துக்கு 15 கிராமுக்கு 25 சென்டிம் (பிராங்கின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்டிம்) என்று ஒன்றியம் விதித்தது. ஜெர்மனி அதை 20 ஃபெனிக் ஆக்கிக்கொண்டது. ஒவ்வொரு 15 கிராமுக்கும் மீண்டும் 20. நூறு கிராமில் ஏழு படிகள், ஆகவே 140. ஜெர்மனியின் உள்நாட்டு விதியிலோ இரண்டே படிகள்: 20 கிராம் வரை 10 ஃபெனிக், அதற்கு மேல் 250 கிராம் வரை 20 ஃபெனிக்.

விண்ட்ஹூக்கிலிருந்து பெர்லின் எப்படி உள்நாடாகும்? 1899 வரை அப்படி இல்லை. தாய்நாட்டுக்கு எழுதும் குடியேறியும் ஒன்றியக் கட்டணமே கட்டினார். 1898 கிறிஸ்துமஸ் நாளில் பிரிட்டன் தன் பேரரசின் பெரும்பகுதிக்கு ஒரு பென்னி தபாலைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனி தன் காலனிகளுக்கு உள்நாட்டுக் கட்டணத்தை நீட்டியது. தன் ஆட்சிப் பகுதிகளுக்கு இடையே ஒரு நாடு கட்டணத்தைக் குறைப்பதை ஒன்றியம் தடுக்கவில்லை. சமோவாவிலிருந்தும் டோகோவிலிருந்தும் 10 ஃபெனிக்கில் கடிதம் போனது.

அந்தப் பத்து ஃபெனிக் கப்பல் செலவுக்கு எந்த மூலைக்கு? ஒன்றிய விதிப்படி, வசூலித்த கட்டணம் முழுவதையும் அனுப்பும் நாடே வைத்துக்கொள்ளும். இடைவழியில் தபாலைச் சுமக்கும் நாட்டுக்கு எடைக் கணக்கில் கூலி கொடுக்கும். இதைத் தவிர, ஜெர்மானிய அரசு தன் தபால் கப்பல்களுக்கு 1885ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும் மானியம் தந்துவந்தது. நோர்ட்டாய்ச்சர் லாய்டு நிறுவனத்தின் கப்பல்கள் 1886 முதல் சூயஸ், ஏடன், கொழும்பு வழியாகக் கிழக்கே ஓடின. பிறகு கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் மானியக் கப்பல் வந்தது. கடிதம் மலிவாகத் தெரிந்தது. மீதிச் செலவு வரிப்பணத்தில் மறைந்திருந்தது. துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குத் தபால் பையைச் சுமந்து நடந்த ஆப்பிரிக்கர்களின் உழைப்பையும் இந்தக் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும். சலுகைக் கட்டணத்தால் பெரிதும் பயனடைந்தவர்கள் அவர்கள் அல்லர்.

தபால்தலைகளைப் பார்த்தே இந்த விதிகளைப் படித்துவிடலாம். எல்லாக் காலனிக்கும் ஒரே படம்: பேரரசரின் ஹோஹென்சோலர்ன் கப்பல். காலனியின் பெயர் மட்டும் மாறும். நிறத்தைத் தீர்மானித்தது ஒன்றியம்: அச்சுத்தாள்களுக்கான தலை பச்சை, அஞ்சலட்டைக்கானது சிவப்பு, வெளிநாட்டுக் கடிதத்துக்கானது நீலம். எந்த நாட்டுத் தபால் ஊழியரும் எழுத்தைப் படிக்காமலே கட்டணம் சரியா என்று அறிய இது உதவியது. ஆகவே 5 ஃபெனிக் பச்சை, 10 சிவப்பு, 20 நீலம். பதிவுக் கட்டணம் 20 ஃபெனிக். அதனால் 30 ஃபெனிக் தலை ஜெர்மனிக்குப் போகும் பதிவுக் கடிதத்துக்கும், 40 ஃபெனிக் தலை வெளிநாட்டுப் பதிவுக் கடிதத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தின.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கிழக்கு ஆப்பிரிக்கா. இந்திய வணிகத்தால் அங்கே ரூபாய் ஏற்கெனவே ஊன்றியிருந்தது. ஜெர்மானியர் மார்க்கைத் திணிக்காமல் ரூபாயையே ஏற்றார்கள். முதலில் ஒரு ரூபாய்க்கு 64 பேசா, நம் முன்னோர் காலணாவை எண்ணிய அதே கணக்கு. 10 ஃபெனிக் தலையின் மேல் 5 பேசா என்று அச்சடித்து விற்றார்கள். 1905இல் ஒரு ரூபாய்க்கு 100 ஹெல்லர் என்று மாறியது. 15 ரூபாய்க்கு 20 மார்க் என்பது மாற்று விகிதம். வகுத்துப் பாருங்கள்: 10 ஃபெனிக் சரியாக 7½ ஹெல்லர். அந்த விசித்திரமான எண் அப்படியே தபால்தலையில் ஏறியது, சிவப்பு நிறத்தில். 20 ஃபெனிக்குக்கு ஈடான 15 ஹெல்லர் நீலம்.

விதி எவ்வளவு இறுக்கமானாலும் தலை கையிருப்பில் இருந்தால்தான் நடக்கும். 1905 ஏப்ரலில், பசிபிக் கடலில் ஜெர்மனியின் காலனியான கரோலின் தீவுகளில் உள்ள போனப்பே தீவைப் புயல் சூறையாடியது. 5 ஃபெனிக் தலைகளுக்குப் பஞ்சம் வந்தபோது, 10 ஃபெனிக் தலையைக் குறுக்கே இரண்டாக வெட்டி ஒட்டினார்கள். அந்தப் பாதித் தலைகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

1907இல் ஒன்றியம் படியை 20 கிராமாக உயர்த்தி, இரண்டாம் படியிலிருந்து கட்டணத்தை 15 சென்டிமாகக் குறைத்தது. ஜெர்மனி அதைப் பாதியாக, 10 ஃபெனிக் ஆக்கிக்கொண்டது. பாரிஸ் உறையின் 140 ஃபெனிக் 60 ஆனது. 1914 ஆகஸ்டில் நியூசிலாந்துப் படை சமோவாவைப் பிடித்தபோது, கையில் கிடைத்த ஜெர்மானியத் தலைகளின் மேல் ‘ஜி.ஆர்.ஐ.’ (பேரரசர் ஜார்ஜ் மன்னர் என்பதன் லத்தீன் சுருக்கம்) என்றும் புதிய விலையையும் அச்சடித்தது. சிவப்பு 10 ஃபெனிக் ஒரு பென்னியானது, பேரரசுக்குள் ஒரு கடிதத்தின் விலை. நீல 20 ஃபெனிக் 2½ பென்னியானது, பிரிட்டனின் வெளிநாட்டுக் கடிதக் கட்டணம்.