ஒப்புரவு என்றால் சமாதானமாகப் போவதா?

கடலூர் மாவட்டத்தில் ஒரு காவல் நிலையம். மாதா திருவிழாச் சப்பரம் எங்கள் தெருவுக்கும் வரட்டும் என்று கேட்ட காலனிப் பையனை ஊர்த்தெருக்காரர்கள் சிலர் அடித்திருந்தார்கள். காது கிழிந்து நாலு தையல். மனு எழுதித் தர ஆள் வேண்டும் என்று அவன் அப்பா கூப்பிட்டார், போனேன். எஃப்.ஐ.ஆர். கேட்டோம். பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்கள். இரு தரப்பும் பேசிச் சமாதானமாகப் போகிறோம், மேல் நடவடிக்கை வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். எதிர்த்தரப்போடு வந்திருந்த கோயில் பெரியவர் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே சாமியைத்தானே கும்பிடுறீங்க. ஒப்புரவா போங்கய்யா."

அந்தச் சொல்லை அந்த இடத்தில் கேட்டதை இன்னும் மறக்க முடியவில்லை. அவர் சொன்னது ஒப்புரவே இல்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒத்தல் என்ற வினையிலிருந்து கிளைத்த சொல் இது. ஒத்திருத்தல், சமமாக இருத்தல், பொருந்துதல் எல்லாம் அந்த வேரில் உண்டு. ஒப்பு, ஒப்பந்தம், ஒப்படைத்தல், ஒப்புக்கொள்ளுதல், கையெழுத்தைக் குறிக்கும் ஒப்பம் எல்லாம் ஒரே குடும்பம். மனம் ஒட்டாமல் செய்வதை 'ஒப்புக்குச் செய்தான்' என்கிறோமே, அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். அன்று நீட்டிய தாளுக்கு அந்த ஒப்புதான் பொருந்தும்.

திருக்குறளில் 22-வது அதிகாரத்தின் பெயர் ஒப்புரவறிதல். உலக நடையை அறிந்து செய்தல் என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. தனக்கு இருப்பதை ஊரோடு பகிர்ந்து உதவுவதைப் பற்றிய அதிகாரம் அது. 'ஒத்த தறிவான் உயிர்வாழ்வான் மற்றையான் செத்தாருள் வைக்கப் படும்' என்கிறார் வள்ளுவர். அடுத்த குறளிலேயே உவமை ஊருணி. ஊரே உண்ணும் நீர் என்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். ஆனால் எத்தனை ஊர்களில் அந்த ஊருணிக் கரையில் ஒரு பகுதி மக்களைக் கால் வைக்க விடவில்லை என்பதையும் சேர்த்தே இந்தக் குறளைப் படிக்க வேண்டியிருக்கிறது.

வேதாகமத் தமிழில் இந்தச் சொல் கிரேக்கத்துக் 'கத்தலகே' என்பதற்கு நிற்கிறது. மாற்றுதல், குறிப்பாகக் காசு மாற்றுதல் என்பது அதன் பழைய பொருள். பகையை உறவாக மாற்றுவது பிறகு வந்தது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், தேவன் 'ஒப்புரவாக்குதலின் உபதேசத்தை எங்களிடத்தில் ஒப்புவித்தார்' என்று பழைய மொழிபெயர்ப்பில் வருகிறது. ஒப்புரவு, ஒப்புவித்தல் என ஒரே வேர் ஒரே வரியில் இரண்டு முறை விழுகிறது. கிரேக்கத்தில் இந்த அழகு இல்லை, தமிழ் தந்தது.

மத்தேயு 5:23, 24-ஐ எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், ஆனால் ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விடுவார்கள். 'உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று' நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்கிறார் இயேசு. குறை இருப்பது அவனுக்கு, நடந்து போக வேண்டியது நீ. அடிபட்டவன் காவல் நிலையத்துக்கு வந்து தாளில் ஒப்பம் வைக்க வேண்டும் என்று அந்த வசனத்தில் எங்கும் இல்லை.

கத்தோலிக்கர்கள் நாங்கள் சிறுவயதில் 'பாவசங்கீர்த்தனம்' என்றுதான் சொன்னோம். இப்போது 'ஒப்புரவு அருட்சாதனம்'. பெயர் மாறினாலும் படி மாறவில்லை. மனஸ்தாபம், அதாவது செய்ததற்காக மனம் வருந்துதல் வேண்டும், வாய்விட்டு அறிக்கையிட வேண்டும், செய்ததற்குப் பரிகாரம் செய்ய வேண்டும். பாவசங்கீர்த்தனக் கூண்டில் ஒருவர் வந்து சொல்லும் பாவத்துக்கு இந்த மூன்றையும் கேட்கிற நாம், ஒரு தெருவே சேர்ந்து செய்யும் பாவத்துக்கு மட்டும் மூன்றையும் தள்ளிவிட்டுக் கைகுலுக்கச் சொல்கிறோம்.

புதுச்சேரி மிஷன் வீதியில் நிற்கும் சம்பா கோயிலுக்கு இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. முன்பு இருந்த கோயிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் இருந்ததையும், 1745 அக்டோபரில் அது இடிக்கப்பட்டதையும், மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதே ஊரில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம். நிறம் வாய்க்காலாகவும் சாதி சுவராகவும் ஒரே ஊரில் இருந்திருக்கின்றன. இனவெறி என்ற சொல்லைக் கேட்டதும் அது அமெரிக்காக்காரன் பிரச்சினை என்று நகர்ந்துவிட நமக்கு வழியில்லை.

அது சுவரோடு போகவும் இல்லை. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு (தங்களுக்கெனத் தனிக் கோயில் நிர்வாகம்) கேட்ட விவகாரம் 2008 மார்ச்சில் கலவரமாகி, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் போனது.

2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு காவலர் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் முழங்காலை ஊன்றியிருந்தார். அடுத்த சில நாள்களில் சில ஊர்களில் காவலர்கள் போராட்டக்காரர்களோடு மண்டியிட்டார்கள். அதைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. ஆனால் நம் கம்மாபுரம் காவல் நிலையத்தை நினைத்துக்கொண்டேன். 1993-ல் முதனை கிராமத்துக் குறவர் சமூகக் கூலித் தொழிலாளி ஒருவர் திருட்டுப் பழியில் அங்கே அடித்துக் கொல்லப்பட்டார். அவர் மனைவி யாரோடும் சமாதானமாகப் போகவில்லை. உயர்நீதிமன்றம்வரை போனார், காவலர்கள் தண்டனை பெற்றார்கள். ஒப்புரவுக்கு அவர் தடையாக இருந்தார் என்று யாராவது சொல்ல முடியுமா? போர்ச்சேவகர் யோவான் ஸ்நானகனிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதீர்கள், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாதீர்கள், சம்பளம் போதுமென்றிருங்கள் என்றார் அவர். லூக்கா 3:14. காவலர் பணிக்கு அதைவிடச் சுருக்கமான கையேடு நான் பார்த்ததில்லை.

இனி சரியான சொல் எது என்ற கேள்வி. 'சமாதானம்' வடமொழி வழி வந்தது, நல்ல சொல்தான், ஆனால் சத்தம் அடங்கினாலே அது வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். 'சமரசம்' என்றால் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. அடி வாங்கியவன் எதை விட்டுக்கொடுப்பான்? பத்திரிகைகள் எழுதும் 'நல்லிணக்கம்' சேர்ந்து வாழ்வதைச் சொல்கிறது, நடந்ததைக் கேட்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில், நிறவெறி ஆட்சிக் காலக் குற்றங்களை 1996-ல் விசாரிக்கத் தொடங்கிய ஆணையத்தின் பெயரிலேயே நல்லிணக்கத்துக்கு முன்னால் 'உண்மை' நின்றது. அங்கே முழு உண்மையைச் சொன்னவர்தான் தண்டனை விலக்குப் பெற முடிந்தது. ஈடு கொடுப்பதில்தான் அங்கும் தேய்ந்தது. 2003-ல் அரசு அறிவித்தது ஆளுக்கு ஒரே தடவை 30,000 ராண்ட், ஆணையம் பரிந்துரைத்ததைவிட மிகக் குறைவு. ஆனால் இயேசுவைச் சந்தித்த வரிவசூல்காரன் சகேயு, தான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான்.

ஆகவே 'ஒப்புரவு' என்றே எழுதுவோம். ஒத்த மனிதனாக ஏற்பதும், செய்ததை ஒப்புக்கொள்வதும், பறித்ததை ஒப்படைப்பதும் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

பையனின் அப்பா அந்தத் தாளை மடித்து மேசை மேலேயே வைத்தார். "அடிச்சவங்க முதல்ல எழுதட்டும் சார், என்ன செஞ்சோம்னு. அப்புறம் நான் போடுறேன்" என்றார். இரவு ஒன்பதரைக்கு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கையில் வந்தது.