மனச்சோர்வும் செல்லுக்குள் ஓடும் ஆற்றலும்

மனச்சோர்வு நோயைக் கண்டறிய மருத்துவர்கள் பார்க்கும் 9 அறிகுறிகளில் 4 உடலைச் சேர்ந்தவை: தீராத களைப்பு, தூக்கக் கோளாறு, பசியிலோ எடையிலோ மாற்றம், அசைவும் பேச்சும் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது. பல் தேய்க்க எழுந்து போவதே பெரும்பாடாக இருக்கிறது என்று நோயாளி சொன்னால், சுற்றியிருப்பவர்கள் அதைச் சோம்பல் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அந்தக் களைப்பு செல்லுக்குள்ளேயே தொடங்கலாம் என்று பார்க்கும் ஆராய்ச்சி சில காலமாகச் சூடுபிடித்திருக்கிறது.

உடல் எடையில் மூளையின் பங்கு 2 சதவீதம்தான். ஆனால் உடல் ஓய்வில் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதம் அதற்கே போய்விடுகிறது. அதில் பெரும்பகுதியை விழுங்குவது ஒரு சலிப்பூட்டும் வேலை. நரம்பு செல் சமிக்ஞை அனுப்பும்போது சோடியம் உள்ளே பாய்கிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது. அடுத்தடுத்த சமிக்ஞைகளுக்கு செல் தயாராக இருக்க வேண்டுமானால் இரண்டையும் பழைய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். செல் சவ்வில் இருக்கும் பம்புகள் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கின்றன. இப்படி ஒவ்வொரு சுற்றுக்கும், செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவு. குளுக்கோஸையும் ஆக்சிஜனையும் கொண்டு அந்த ஏடிபியில் பெரும்பகுதியைச் செய்து கொடுப்பவை, செல்லுக்குள் இருக்கும் குட்டி மின்நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்கள்.

நாள்பட்ட மன அழுத்தமும் உடலில் நீறுபூத்துக் கிடக்கும் அழற்சியும் மைட்டோகாண்ட்ரியாக்களின் வேலையைக் கெடுக்கின்றன. பரம்பரை மைட்டோகாண்ட்ரியா நோய் உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. மூளை ஸ்கேன்களும், சில மனச்சோர்வு நோயாளிகளின் முன்மூளைப் பகுதிகள் வழக்கத்தைவிடக் குறைவான குளுக்கோஸை எரிப்பதைக் காட்டியிருக்கின்றன. எது காரணம், எது விளைவு என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

சரி, ஆற்றலை ஊட்டினால் மனம் தேறுமா? கிரியேட்டினை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஜிம்மில் தசைக்காகச் சாப்பிடுகிறார்களே, அதேதான். செல்லுக்குள் அது மேல்நிலைத் தொட்டி மாதிரி: மோட்டார் திணறும் நொடிகளில், சேர்த்து வைத்த பாஸ்பேட்டைக் கொடுத்து ஏடிபியை உடனே புதுப்பிக்கும். 2012இல் வெளியான தென் கொரிய ஆய்வில், மனச்சோர்வுள்ள 52 பெண்கள் எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையோடு தினம் 5 கிராம் கிரியேட்டினோ போலி மருந்தோ 8 வாரம் எடுத்துக்கொண்டார்கள். கிரியேட்டின் எடுத்தவர்களிடம் இரண்டாம் வாரமே கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவுக்கு உற்சாகம் தரவில்லை. அப்புறம், மனம் உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் சிலருக்கு இது அதீதக் கிளர்ச்சி நிலையைக் கிளப்பியிருக்கிறது. கடையில் வாங்கிச் சுயமாகத் தொடங்கும் சமாச்சாரம் இல்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் லிசா பான் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு. எந்தச் சிகிச்சைக்கும் அசையாத மனச்சோர்வுள்ள 33 பேரின், மூளையையும் சூழ்ந்து ஓடும் முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதித்தார்கள். 21 பேரிடம் ஏதோ ஒரு வளர்சிதை மாற்றக் கோளாறு இருந்தது. அவர்களில் 12 பேருக்கு மூளையில் ஃபோலேட் என்ற பி வைட்டமின் குறைவு. ரத்தத்தில் ஃபோலேட் இயல்பாகவே இருந்தது, ஆனால் மூளைக்குப் போய்ச் சேரவில்லை. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இது பிடிபடவே படாது. மனநிலையோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருள்களான செரோட்டோனின், டோபமைன் உற்பத்தியோடு தொடர்புள்ள வேதிவினைகளுக்கு ஃபோலேட் தேவை. மூலப்பொருள் வழியிலேயே தட்டுப்பாடு என்றால், செரோட்டோனின் மறுபடி உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் மாத்திரை எதைக் காப்பாற்றும்? ஃபோலேட் குறைந்தவர்களுக்கு அதன் இன்னொரு வடிவமான ஃபோலினிக் அமிலம் கொடுத்தபோது அறிகுறிகள் குறைந்தன. சிறிய ஆய்வுதான், அந்தச் சிகிச்சைக்குப் போலி மருந்து ஒப்பீடும் கிடையாது. ஆனாலும் 'மருந்து கேட்காத நோயாளி' என்று முத்திரை குத்துவதற்கு முன் இன்னும் ஆழமாகத் தேட வேண்டும் என்று அது காட்டிவிட்டது.

இவ்வளவு அபூர்வமாகப் போகாமலே கண்டுபிடிக்கக்கூடியவையும் உண்டு. தைராய்டு மந்தமானால் உடல் முழுக்க ஆற்றல் உற்பத்தி குறையும். அது அச்சு அசலாக மனச்சோர்வு போலவே தோன்றும். பி12 குறைவும் அப்படித்தான். இரும்புச்சத்து இரண்டு இடத்தில் தேவைப்படுகிறது: மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்களைக் கைமாற்றும் புரதங்களுக்கும், செரோட்டோனினைத் தயாரிக்கும் நொதிக்கும். இவற்றுக்கெல்லாம் சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன் இவற்றைப் பார்த்தாயிற்றா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். அதற்காக, எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்திவிட்டுச் சத்து மாத்திரைக்குத் தாவுவது ஆபத்து.

மைட்டோகாண்ட்ரியாக்களின் எண்ணிக்கையைப் பெருக்க நன்கு நிரூபணமான வழி உடற்பயிற்சி. இன்னொரு பலனையும் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2014இல் எலிகளிடம் கண்டார்கள். மன அழுத்தத்தில் கைனுரெனின் என்ற பொருள் ரத்தத்தில் கூடி மூளைக்குள் நுழைந்து கெடுதல் செய்கிறது. பயிற்சி பெற்ற தசை அதை, மூளைக்குள் எளிதில் நுழைய முடியாத வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. ஆனால் எழுந்து உட்காரவே தெம்பில்லாதவரிடம் 'ஓடு' என்பது கொடுமை. மருந்தோ சிகிச்சையோ கொஞ்சம் தூக்கிவிட்ட பிறகு, பத்து நிமிட நடையில் ஆரம்பித்தால் போதும்.