உருமாற்றமா, திரிபா?

பெரியப்பாவுக்கு, உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து ஏற்றுவதற்கு முன் மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி: "மறைந்துள்ள ஹெபடைடிஸ் பி வைரஸ் உருமாறி மீண்டும் தொற்றலாம்." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் கேட்டார்: "நான்தான் வாசலையே தாண்டுவதில்லையே, யாரிடமிருந்து தொற்றும்?"

ஒரு வரிக்குள் இரண்டு பிழை. முதலாவது 'உருமாறி'. மியூட்டேஷனுக்குத் தமிழாகப் புழங்குவது. கொரோனா காலத்தில் கேட்டுக் கேட்டுக் காது புளித்த சொல்.

மியூட்டேஷன் என்பதன் வேர், மாற்று என்று பொருள்படும் லத்தீன் வினை. 1901-இல் டச்சுத் தாவரவியலாளர் ஹ்யூகோ டி விரீஸ், செடிகளில் திடீரென்று தோன்றிய மாறுதல்களுக்கு இந்தப் பெயரை வைத்தார். நம் பாடநூல்களின் 'சடுதி மாற்றம்' அந்தத் திடீரைப் பிடித்துக்கொண்டது. ஹெபடைடிஸ் பி வைரஸ் குடியிருக்கும் கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேரும் மாற்றங்களில் சடுதி எங்கே இருக்கிறது?

உருமாற்றம் அதைவிட மோசம். அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. தலைப்பிரட்டை தவளையாவது உருமாற்றம். சுண்ணாம்புப் பாறை சலவைக்கல்லாவது உருமாற்றம். இருந்த பொருளே வேறு வடிவம் கொள்கிறது. வைரஸில் நடப்பது அதுவன்று. மரபணுவைப் படியெடுக்கும்போது எழுத்துப் பிழை விழுகிறது. மூலம் அப்படியே இருக்க, பிரதிதான் மாறுகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 3,200 எழுத்துகள். அதைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழைதிருத்தும் பழக்கம் கிடையாது.

எழுத்து மாறுவதற்கு நம்மிடம் சொல் இல்லையா? புணர்ச்சியில் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றை நன்னூல் வகுத்திருக்கிறது. வாழைப்பழத்தில் 'ப்' தோன்றியது. பொற்குடத்தில் 'ன்' 'ற்' ஆகத் திரிந்தது. மரவேரில் 'ம்' கெட்டது. மரபணுவிலும் எழுத்து கூடும், மாறும், குறையும். மூன்றுக்கும் பொதுப்பெயர் விகாரம். இலங்கைப் பாடநூல்கள் அதைத்தான் எடுத்துக்கொண்டன. இலக்கணப்படி அதுவே பொருத்தம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோயாளியிடம் போய் "உங்கள் மரபணுவில் விகாரம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. 'பிறழ்வு' என்றால் எல்லா மாற்றமும் குற்றம் என்றாகிவிடும். ஆகவே என் கட்சி திரிபு. இதழ்கள் டெல்டா திரிபு என்று எழுதிப் பழகிவிட்டன. அங்கே 'டெல்டா வகை' போதும், திரிபை எழுத்துக்கு விட்டுவிடலாம்.

எழுத்து என்பது வெறும் உவமையன்று. இந்த வைரஸில் மேலுறைப் புரதத்தின் 145-ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். மரபணுவில் ஒரே எழுத்து திரிந்தால் அங்கே ஆர்ஜினின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிடும். வழக்கமான ரத்தப் பரிசோதனை அந்த உறைப் புரதத்தைத்தான் தேடுகிறது. சில சோதனைகளுக்கு அது பிடிபடாமல் போகிறது. மறைந்த தொற்றெல்லாம் இப்படித்தான் மறைகிறது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றல்தான் வைரஸை அடக்கி வைத்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கை: உறையின் மரபணு, நொதியின் மரபணுவுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. ஒரே எழுத்து வரிசையை இரண்டு விதமாகப் பிரித்துப் படிக்க வேண்டும். அசல் பிரிமொழிச் சிலேடை! வைரஸை அடக்கும் லாமிவுடின் மாத்திரைக்குத் தப்ப நொதியில் ஓர் எழுத்து திரிந்தால் உறையின் பொருளும் கூடவே மாறக்கூடும். இதையும் 'உருமாற்றம்' என்றே எழுதிப் போகிறவர்கள் மூலத்தை ஒருமுறையாவது புரிந்து படித்தார்களா என்பது என் சந்தேகம்.

இரண்டாவது பிழை 'மீண்டும் தொற்றலாம்'. தொற்ற வெளியிலிருந்து வர வேண்டும். இங்கே ஆள் உள்ளேயே, கல்லீரல் செல்லின் கருவுக்குள் வளையமாகச் சுருண்டு கிடக்கிறான். ரிட்டுக்சிமாப் காவலைக் குறைத்ததும் எழுந்து பெருகுகிறான். அதற்குத் திரிபுகூடத் தேவையில்லை. மீளெழுச்சி என்று சொல்லலாம். நோயாளிக்கான தாளில் 'மீண்டும் தலைதூக்கலாம்' என்றால் போதும்.

அந்தத் தாளை அடித்துத் திருத்திக் கொடுத்தேன். பெரியப்பா படித்துவிட்டு, "திரிந்த பாலைக் கீழே கொட்டிவிடலாம், இதை என்ன செய்வது?" என்றார். தலைதூக்காமல் இருக்கத் தினம் ஒரு என்டெகாவிர் மாத்திரை எழுதியிருக்கிறார்கள் என்றேன். "அதை முதலில் எழுதியிருக்கலாமே" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.