ஒளி நிஜமா, இல்ல நாம வச்சுக்கிட்ட ஒரு கணக்கா?

ஒளின்னு ஒண்ணு நிஜமாவே இருக்கா, இல்ல கணக்கு சரியா வரணும்னு விஞ்ஞானிங்க வச்சுக்கிட்ட மாடலான்னு பசங்க கேக்கறாங்க. கேக்கறதுல நியாயம் இருக்கு, சின்ன கிளாஸ்ல ஒளி நேர்கோட்டுல போகும்னு சொல்லிட்டு ப்ளஸ் டூல அலைன்னு சொல்லி, அடுத்த பாடத்துலயே துகள்னு சொன்னா யாருக்குத்தான் சந்தேகம் வராது. ஒளி நிஜம், கதிர், அலை, துகள் இதெல்லாம்தான் மாடல். இத கொடைக்கானல வச்சே பாக்கலாம்.

மலை விளிம்ப ஒட்டி போற கோக்கர்ஸ் வாக் நடைபாதையில சாயங்காலம் பக்கமா வெயில் முதுகுல அடிக்கும்போது எதிர்ல பள்ளத்துல இருந்து மேகம் ஏறி வந்துச்சுன்னா, சில நாள் உங்க நிழல் அந்த மேகத்து மேல பூதாகரமா விழும், நிழலோட தலைய சுத்தி கலர் கலரா வட்டம் தெரியும். நிழலுக்கு ப்ரோக்கன் ஸ்பெக்டர்னு பேரு, வட்டத்துக்கு குளோரி. பக்கத்துல நிக்கிறவர் தலைய சுத்தி உங்களுக்கு வட்டம் தெரியாது, அவருக்கு அவரோடது மட்டும்தான் தெரியும். வெளிச்சம் வந்த வழியே திரும்பி வர்றதால இப்படி. வானவில்லுக்கு கதிர் வரைஞ்சே 42 டிகிரின்னு கணக்கு போட்டுடலாம், குளோரிக்கு அது நடக்காது. தண்ணிக்குள்ள போறப்ப ஒளி எவ்வளவு வளையும்னு சொல்ற ஒளிவிலகல் எண் 1.33, துளியோட விளிம்ப உரசி உள்ள போற கதிர் ஒரு தடவ எதிரொளிச்சு வெளிய வர்றப்ப வந்த வழியில இருந்து சுமார் 14 டிகிரி விலகித்தான் போகும். அந்த 14 டிகிரிய தாண்ட ஒளி துளியோட மேற்பரப்ப ஒட்டி அலையா ஊர்ந்து வரணும், அப்படி எல்லா பக்கமும் சுத்தி வந்த அலைங்க ஒண்ணோட ஒண்ணு சேர்றதுலயும் அழியறதுலயும்தான் அந்த வளையம் உருவாகுது. துளி சின்னதா ஆக ஆக வட்டம் பெருசாகும், அதனால வட்டத்த அளந்தே மேகத்துல இருக்கற துளியோட சைஸ சொல்லிடலாம். சும்மா கற்பனையா இருந்தா இப்படி ஒரு அளவு கையில வந்து நிக்காது.

இப்ப அதே கொடைக்கானல்ல இன்னொரு விஷயம். ராத்திரி கேம்ப் ஃபயர் பக்கத்துல மூஞ்சி காந்தற அளவுக்கு உக்காந்தாலும் தோல் கருக்காது, மறுநாள் குளுகுளுன்னு காத்து அடிக்கறப்ப ஏரிய சுத்தி நடந்துட்டு வந்தா மூக்கு கருத்துடும். ஆயிரம் மீட்டர் ஏறினா புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும், கொடைக்கானல் ரெண்டாயிரம் மீட்டருக்கு மேல இருக்கு. ஆனா நெருப்புல இருந்து வர்ற மொத்த சக்தி ஒண்ணும் கம்மியில்லையே, அது ஏன் கருக்க மாட்டேங்குது? ஏன்னா ஒளி சக்திய பொட்டலம் பொட்டலமாத்தான் கொடுக்குது, தோல்ல இருக்கற டிஎன்ஏவ சேதம் பண்ண ஒரே பொட்டலத்துல போதுமான அளவு இருக்கணும், புற ஊதா பொட்டலத்துல அது இருக்கு, நெருப்போட பொட்டலத்துல இல்ல. பூட்டின கதவ லட்சம் பேர் வரிசையா வந்து ஒரு விரலால தொட்டுட்டு போனா திறக்காது, பலசாலி ஒருத்தன் இடிச்சா திறந்துடும், அந்த மாதிரி. இதே தர்க்கத்த ஒளி பட்டு உலோகத்துல இருந்து எலக்ட்ரான் தெறிக்கறதுக்கு 1905ல ஐன்ஸ்டீன் சொன்னாரு, அந்த பொட்டலத்துக்குத்தான் பின்னாடி போட்டான்னு பேரு வந்துச்சு.

சரி, அப்ப அலையா துகளா? 1986ல பிரான்ஸ்ல கிராஞ்சியே, ரோஜே, ஆஸ்பே மூணு பேரும் ஒவ்வொரு போட்டானா அனுப்பி பாத்தாங்க. பாதி கடத்தி பாதி திருப்பற கண்ணாடியில விட்டா போட்டான் ஒரு பக்கம்தான் சிக்குச்சு, ரெண்டா உடையல. ஆனா ரெண்டு வழியையும் திரும்ப சேத்து வச்சப்ப, ஒவ்வொண்ணா வந்த அதே போட்டான்கள் சேர்ந்து அலை மாதிரி கூடி குறைஞ்சு மாறி மாறி வர்ற குறுக்கீட்டு வரிகள கொடுத்துச்சு. எனக்கு இயற்பியல்ல இதவிட அழகான சோதனை இல்ல, நம்ம கையில இருந்த ரெண்டு வார்த்தையும் பத்தலைன்னு ஒளியே சொல்லிடுச்சு. இப்ப இருக்கற குவாண்டம் புலக் கோட்பாடு ரெண்டையும் ஒரே கணக்குல அடக்குது, நாளைக்கு அதையும் மாத்த வேண்டி வரலாம்.

மாறினா பழசெல்லாம் பொய்யாயிடுமா? ஃப்ரெனல்ங்கற விஞ்ஞானி, ஒளி அலைய சுமக்க ஈதர்னு ஒண்ணு அண்டவெளி பூராவும் நிறைஞ்சு இருக்குன்னு நம்பித்தான் கண்ணாடியில எவ்வளவு வெளிச்சம் திரும்பும்னு சூத்திரம் எழுதினாரு. 1887ல மைக்கல்சனும் மோர்லியும் தேடி ஈதர் கிடைக்கல, அப்பறம் அது போயே போச்சு. சூத்திரம் போகல. சாதா கண்ணாடியோட ஒரு பரப்புல நேரா விழற வெளிச்சத்துல சுமார் 4 சதவீதம் திரும்பும், அப்பவும் இப்பவும். எத வச்சு விளக்கினோம்ங்கறது மாறலாம், எது எதோட எப்படி கட்டுப்பட்டு இருக்குங்கறது அவ்வளவு லேசுல மாறாது, அதனாலதான் ஒளி நிஜம்னு தைரியமா சொல்றேன்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துல 1909ல எவர்ஷெட்ங்கற விஞ்ஞானி சூரியனோட கரும்புள்ளியில இருந்து வாயு வெளிப்பக்கமா ஓடறத கண்டுபிடிச்சதும் ஒளிய நிறம் நிறமா பிரிச்சா நடுவுல தெரியற நிறமாலைக் கோடுகள் லேசா நகர்ந்தத பாத்துத்தான். அணு குறிப்பிட்ட அளவு பொட்டலத்த மட்டும்தான் வாங்கும், அதனாலதான் அந்த கோடே வருது, ஆனா நகர்ந்தத கணக்கு போட அவருக்கு அலையே போதுமா இருந்துச்சு. அந்தப் பக்கம் ஊட்டி முத்தோரையில மலைச் சரிவுல 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கி இருக்கு, 1970ல இருந்து வேலை செய்யுது, அது பிடிக்கறது சுமார் 92 சென்டிமீட்டர் அலை. அதுவும் ஒளியோட அதே சாதிதான், ஆனா அதுல ஒரு போட்டானோட சக்தி பச்சை வெளிச்சத்தோடத விட 16 லட்சம் மடங்குக்கு மேல கம்மி. அங்க யாரும் போட்டான ஒண்ணு ரெண்டுன்னு எண்ணறதில்ல. போட்டான் இல்லாம இல்ல, ஒவ்வொண்ணும் அவ்வளவு சின்னது, கோடி கோடியா சேர்ந்து வர்றப்ப அலைக் கணக்கே முழுசா சரியா வந்துடுது.