டி.சி. வாங்கியாகிவிட்டது, பிள்ளை எங்கே?

எங்கள் பள்ளி பத்தாம் வகுப்புவரை உள்ள அரசு உயர்நிலைப் பள்ளி. அதனால் ஆண்டுதோறும் மே மாதம் ஒரு வகுப்பு முழுவதையும் டி.சி. என்ற மாற்றுச் சான்றிதழ் கொடுத்து வெளியே அனுப்ப வேண்டியிருக்கிறது. கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, "போய் வா, நன்றாகப் படி" என்று சொல்லி அனுப்புகிறோம். சில பிள்ளைகள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஜூன் மாதம், மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தைத் திறந்தால் அவர்களில் நாலைந்து பேர் எந்தப் பள்ளியிலும் சேராமல் நிற்கிறார்கள்.

எமிஸ் எப்படி இயங்குகிறது என்று பெற்றோர்கள் தெரிந்துகொள்வது நல்லது. மாற்றுச் சான்றிதழ் கொடுத்தவுடன் மாணவரின் பெயர் எங்கள் பள்ளிக் கணக்கிலிருந்து நீங்கி, 'காமன் பூல்' என்று நாங்கள் சொல்லும் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். அடுத்த பள்ளி சேர்த்துக்கொண்டதும் அங்கிருந்து அந்தப் பள்ளிக் கணக்கில் ஏறும். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பாளி என்று எந்தப் பள்ளியும் இல்லை. எங்கள் வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. போகவேண்டிய பள்ளிக்கோ முகமே தெரியாது. வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஆள் கிடையாது.

இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஜூலையிலோ நவம்பரிலோ படிப்பை நிறுத்தும் பிள்ளைகள் குறைவு. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில், எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில், பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில், இந்தக் கோடை விடுமுறையில்தான் நிறுத்துகிறார்கள். யாரும் முடிவெடுத்து நிறுத்துவதும் இல்லை. நாள் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். சமூக அறிவியல் தேர்வில் வரைபடக் கேள்வி வந்தால் மற்ற பிள்ளைகள் திணறுவார்கள். இவன் கங்கை எங்கே திரும்புகிறது என்பதைக்கூடப் பிசகாமல் குறிப்பான். பொதுத் தேர்வில் நல்ல தேர்ச்சி. மேல்நிலைப் பள்ளி ஆறு கிலோமீட்டரில் இருந்தது, பஸ் பாஸ் உண்டு, சைக்கிளும் கிடைக்கும். ஜூன் மூன்றாம் வாரம் பொதுத் தொகுப்பில் அவன் பெயரைப் பார்த்ததும் அவனுடைய அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். "லீவில் சும்மாதானே இருக்கிறான் என்று மாமாவோடு அனுப்பினோம் டீச்சர். பள்ளிக்கூடம் திறந்ததும் வந்துவிடுவான்" என்றார். மாமா வெளி மாநிலத்தில் முறுக்குக் கடையில் வேலை பார்க்கிறார். கடைக்காரரிடம் பையன் பெயரில் முன்பணம் வாங்கியிருந்தார்கள். அந்த முன்பணம் கழியும்வரை அவனால் திரும்ப முடியவில்லை.

தீபாவளிக்கு ஊர் வந்தவன் பள்ளிக்கு வந்து என்னைப் பார்த்தான். வலது முன்கையில், மணிக்கட்டிலிருந்து நான்கு விரற்கடை அகலத்துக்கு எண்ணெய் கொட்டிய தழும்பு. சட்டைக் கையை இழுத்து இழுத்து மறைத்துக்கொண்டே பேசினான். மறு ஆண்டு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான் என்பது ஆறுதல். ஆனாலும் ஜூன் முதல் வாரமே அந்த வீட்டுக்கு நான் போயிருக்க வேண்டும். இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

ஆகவே பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையின் பெற்றோருக்கு என் முதல் வேண்டுகோள்: டி.சி.யைப் பீரோவில் வைப்பதற்காக வாங்காதீர்கள். எந்தப் பள்ளி, எந்தப் பாடப் பிரிவு என்று பேசி முடித்துவிட்டு வாங்குங்கள்; வாங்கிய வாரத்திலேயே கொண்டுபோய்ச் சேருங்கள். தேர்வு முடிவு வந்ததும் தற்காலிக மதிப்பெண் சான்றிதழ் கிடைத்துவிடும். சேர்க்கைக்கு அது போதும். அசல் வரட்டும் என்று காத்திருந்தால், விரும்பிய பிரிவில் இடம் முடிந்துவிடும்.

விடுமுறை வேலையைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்பது 2016-இல் திருத்தப்பட்ட சட்டம். சொந்தக் குடும்பத்துக் காட்டிலோ கடையிலோ பள்ளி நேரம் போக, விடுமுறையில் ஒத்தாசை செய்யலாம். 14 முதல் 18 வயதுவரை ஆபத்தான தொழில்களில் சேர்க்கக் கூடாது. அம்மாவோடு கடலைக்காட்டுக்குப் போய்வரும் பிள்ளையை நான் குறை சொல்லவே மாட்டேன். என் அச்சமெல்லாம் முன்பணத்தைப் பற்றியது. பணம் கைமாறிவிட்டால் பிள்ளையைத் திருப்பி அழைக்கும் உரிமை பெற்றவர்கள் கையில் இருப்பதில்லை. எங்கேனும் ஒரு பிள்ளை இப்படிச் சிக்கியிருப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-இல் சொல்லுங்கள். பதினெட்டு நிரம்பாத பெண் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு நடந்தாலும் இதே எண்தான். வைகாசி முகூர்த்தங்களும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வருவதால் மே மாதத்தில் எனக்குக் கூடுதல் கவலை.

தேர்ச்சி பெறாத பிள்ளைகளைப் பற்றி இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். முடிவு வெளியாகும் நாளில் தேர்ச்சி பெற்ற பிள்ளைகள் இனிப்போடு பள்ளிக்கு வருகிறார்கள், தவறியவர்கள் வருவதில்லை. வர வேண்டியவர்கள் அவர்கள்தான். தேர்ச்சிக்கு 35 வேண்டிய ஒரு பாடத்தில் 31 வாங்கிய பிள்ளை ஓர் ஆண்டை இழக்க வேண்டியதில்லை. முடிவு வந்த சில வாரங்களில் துணைத் தேர்வு நடக்கிறது. அதில் தேறிவிட்டால் அந்த ஆண்டே பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். ஆனால் விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் மிகக் குறைவு. அழுது ஓய்ந்து, சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்த நாட்கள் போய்விடும். முடிவு வந்த மறுநாள் காலையிலேயே பள்ளிக்கு வாருங்கள். விண்ணப்பத்தை நாங்கள் பதிவுசெய்து தருகிறோம்; எங்கள் கணித ஆசிரியர் விடுமுறையிலும் வந்து பாடம் நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைய இரவு மட்டும் பிள்ளையைத் தனியே படுக்க விடாதீர்கள். பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை அன்று பேச வேண்டாம்.

ஒன்பதாம் வகுப்பிலோ பதினொன்றிலோ தனியார் பள்ளிக்கு மாற்றலாம் என்று யோசிக்கும் பெற்றோர் அவசரப்பட வேண்டாம். மாற்றுவது உங்கள் உரிமை. எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து மாற்றுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021-இல் விரிந்தது. கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பள்ளியைப் பார்த்துத்தான் கிடைக்கின்றன. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இந்த 1,000 ரூபாய் உண்டு. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் வென்று ஆண்டுக்கு 12,000 ரூபாய் பெறும் பிள்ளை தனியார் பள்ளிக்குப் போனால் அந்த உதவித்தொகை நின்றுவிடும். இவையெல்லாம் தெரியாமல் பதினொன்றாம் வகுப்புக்கு மட்டும் மாற்றிவிட்டு, இரண்டு ஆண்டு கழித்துக் கலந்தாய்வு நேரத்தில் வந்து கண்கலங்கிய ஒரு தகப்பனாரை என்னால் மறக்க முடியவில்லை. ஆறு முதல் பத்து வரை எங்களிடம்தான் படித்தாள் அவருடைய மகள்.

பதினொன்றாம் வகுப்பே வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையிடம் சண்டை போடாதீர்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. இரண்டு ஆண்டுப் பயிற்சியை முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். வீட்டில் உட்காராமல் ஏதோ ஓரிடத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இனி, இன்னும் எங்களிடமே படிக்கும் பிள்ளைகளுக்கு. ஒன்பதிலிருந்து பத்துக்குப் போகும் பிள்ளையின் பெயரை இந்த விடுமுறையில் சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 'கார்த்திக்' என்ற பெயரை ஆங்கிலத்தில் 'எச்' சேர்த்தும் எழுதலாம், சேர்க்காமலும் எழுதலாம். தலைப்பெழுத்து ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், ஒன்றில் தகப்பனார் பெயரே முழுதாக இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எது அச்சாகிறதோ அதுதான் பாஸ்போர்ட்வரை, வேலைவரை அந்தப் பிள்ளையோடு போகும். இப்போதானால் பள்ளியிலும் கல்வி அலுவலகத்திலும் திருத்தம் முடிந்துவிடும். சான்றிதழ் அச்சான பிறகென்றால் சென்னையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம்வரை கோப்பு நடக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பிள்ளை பெயரே ஏறாமல் இருக்கும் வீடுகளும் உண்டு. பதினைந்து வயதுவரைதான் பெயர் சேர்க்க முடியும் என்பதை நினைவில் வையுங்கள். அதே பதினைந்து வயதில் ஆதாருக்குக் கைரேகையும் கண்விழிப் படமும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்டால் உதவித்தொகை வரும் நேரத்தில் சிக்கல் வருகிறது.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையத்தில் மே மாதமே விண்ணப்பித்துவிடுங்கள். ஜூனில் ஊரே அங்கே நிற்கும். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் போன ஆண்டுடையதை நம்பி இருக்க வேண்டாம்.

டி.சி. பற்றி இன்னொன்று. எட்டாம் வகுப்புவரை டி.சி. தாமதமானதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்க முடியாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கட்டண பாக்கியை டி.சி.யில் எழுதக் கூடாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தனியார் பள்ளியிலிருந்து எங்களிடம் வர விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர், பாக்கியை நினைத்துக்கொண்டு வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். பிள்ளையோடு வாருங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கோடையில் பிள்ளைகள் இறங்கும் கிணறு, குட்டைகளைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை நிற்கிறது. ஒரு கோடையில் எங்கள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கல்குவாரிக் குட்டையில் மூழ்கிப் போய்விட்டான். பள்ளி திறந்த அன்று எட்டாம் வகுப்புக்குப் பாடநூல்களைப் பெயர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் கொடுத்து முடித்தபின் மேசைமேல் ஒரு கட்டு மீதி இருந்தது. வகுப்பாசிரியர் அதை எடுத்து உள்ளே வைக்க வெகுநேரம் ஆயிற்று. அவனுக்கு நீச்சல் தெரியாது. வழுக்கி விழுந்த நண்பனைப் பிடிக்கத்தான் இறங்கினான். நண்பன் பிழைத்துக்கொண்டான்.

குவாரிக் குட்டை ஏரியைப் போல் மெல்ல ஆழமாவதில்லை. ஓர் அடி எடுத்து வைத்தால் அடுத்த அடிக்குத் தரையே இருக்காது. ஆகவே பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: ஒருவன் தண்ணீரில் தத்தளித்தால் நீ குதிக்காதே. வேட்டி, துண்டு, கயிறு, நீளக் கம்பு, மூடியிட்ட காலிப் பிளாஸ்டிக் குடம், எது கிடைக்கிறதோ அதை நீட்டு, வீசு, சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிடு. நீச்சல் கற்றுக்கொடுங்கள், இடுப்பில் சுரைக்குடுக்கையோ டியூபோ கட்டி, நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் நின்று கற்றுக்கொடுங்கள். தனியே அனுப்பாதீர்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் கையில் பைக் சாவியைக் கொடுக்கும் அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் சட்டத்தில் இருக்கின்றன. அந்தப் பையனுக்கு 25 வயதுவரை உரிமமும் கிடைக்காது.

கடைசியாக ஒரு சின்ன உதவி கேட்கிறேன். பள்ளிப் பதிவேட்டில் நீங்கள் கொடுத்த கைபேசி எண்களில் பல இப்போது வேலை செய்வதில்லை. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதும், புது சிம் வாங்கியதும் எங்களுக்குத் தெரிவதில்லை. இந்த வாரத்துக்குள் வகுப்பாசிரியரிடம் இப்போதைய எண்ணைச் சொல்லிவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டு எண் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். பள்ளி திறக்கும் வாரத்தில், டி.சி. வாங்கிப் போன ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் நானே பேசப்போகிறேன். எந்தப் பள்ளி, எந்தப் பிரிவு என்று இரண்டே கேள்விதான் கேட்பேன். தெரியாத எண்ணாக இருக்கிறதே என்று துண்டித்துவிடாதீர்கள்.